தொலைபேசி ஒயரில் வரும் பிராட்பேண்ட் அடிக்கடி கட்டாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் வந்துவிட்ட தெருக்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. ஆனால் பழைய செம்புத் தொலைபேசி ஒயரிலேயே, அதாவது ஏடிஎஸ்எல் முறையில், நெட் வாங்கும் வீடுகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகர ஓரங்களிலும் இன்னும் இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே யோசனைதான்: பழுது வீட்டுக்குள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் பிரித்துவிடுங்கள். அது தெரியாமல் புது மோடம் வாங்குவதும், புகார் மேல் புகார் போடுவதும் வீண் செலவு, வீண் அலைச்சல்.

நெட் அடிக்கடி போய்ப் போய் வருகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

மோடத்தின் விளக்குகளை. நெட் போகும் அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். திரும்பி வந்த பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

டிஎஸ்எல் என்றோ ஏடிஎஸ்எல் என்றோ லிங்க் என்றோ ஒரு விளக்கு இருக்கும். உங்கள் மோடமும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். அது நிலையாக எரிய வேண்டும். நெட் போகும்போது அது மினுக்கத் தொடங்கினால் பழுது ஒயரில், ஸ்ப்ளிட்டரில் (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி), மோடத்தில் அல்லது எக்ஸ்சேஞ்சில். அது ஆடாமல் எரிய, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ போனால் கதை வேறு. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே பச்சையாக நிற்க, கையில் உள்ள போனில் மட்டும் நெட் வரவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள்.

வைஃபை பிரச்சினையா, லைன் பிரச்சினையா என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு லேன் கேபிளை எடுத்து மோடத்தையும் மடிக்கணினியையும் நேராக இணையுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இரண்டு பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ஒன்று மோடத்தின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1. மற்றது வெளியே உள்ள ஒரு முகவரிக்கு, உதாரணமாக 8.8.8.8. முதலாவது ஒழுங்காக ஓட, இரண்டாவது விட்டு விட்டுப் போனால் மோடத்துக்கு அப்பால்தான் பழுது. கேபிளில் இரண்டும் சுத்தமாக ஓடுகின்றன, வைஃபையில் மட்டும் இழுக்கிறது என்றால் மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்தோ பீரோ மேலிருந்தோ எடுத்து வெட்டவெளியான இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். வைஃபைக்கு இது போதும்.

பழுது வீட்டுக்குள்ளேயா, வெளியிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

வெளியே கம்பத்திலிருந்து வரும் டிராப் ஒயர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டிதான் ரொசெட் பாக்ஸ். அதுவரை வருவது தொலைபேசி நிறுவனத்தின் ஒயர். அதற்குப் பிறகு ஹாலுக்கு, மாடிக்கு, படுக்கையறைக்கு ஓடுவதெல்லாம் உங்கள் ஒயர். சோதனையை இந்த எல்லையில் செய்ய வேண்டும்.

ரொசெட் பாக்ஸிலிருந்து உள்ளே போகும் ஒயர்கள் அத்தனையையும் கழற்றுங்கள். வீட்டில் உள்ள எல்லாப் போன்களையும், காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸ் இருந்தால் அவற்றையும் பிடுங்கிவிடுங்கள். மோடத்தை அந்தப் பெட்டி அருகிலேயே ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்ப்ளிட்டர்கூட இல்லாமல், ஒரு மீட்டர் அளவுள்ள நல்ல ஆர்ஜே 11 கம்பியில் (போனுக்கு மாட்டும் சின்ன பிளக் உள்ள ஒயர்) நேராக மாட்டுங்கள். கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பெட்டி தேவைப்பட்டால் இழுத்துக்கொள்ளுங்கள். இப்படியே ஒரு நாள் முழுக்க விடுங்கள். வீட்டில் ஒரு நாள் போன் அடிக்காது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியும் கட்டானால் சந்தேகத்துக்கு மூன்றே இடங்கள்: மோடம், வெளி ஒயர், எக்ஸ்சேஞ்ச். கட்டாகவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டுக்குள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் ஸ்ப்ளிட்டர், பிறகு ஒரு போன், பிறகு ஹாலுக்குப் போகும் ஒயர், பிறகு மாடி ஒயர். ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகு சில மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

ரொசெட் பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே நன்றாகப் பாருங்கள். எறும்புப் புற்று, பல்லி முட்டை, ஸ்குரூவைச் சுற்றிப் பச்சையாகப் பூத்த களிம்பு, ஒடிந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் கம்பி என எல்லாம் இருக்கும். பச்சை பூத்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, ரப்பர் உறையை உரித்து, செம்பு பளிச்சென்று தெரியும் புது நுனியை ஸ்குரூவில் இறுக்குங்கள். டிராப் ஒயர் பக்கத்து முனை கெட்டிருந்தால் அதை லைன்மேன் வந்து சரி செய்வதே முறை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கம்பிகளில் சாதாரண நேரத்தில் சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். ரிங் வரும்போது அதைவிடக் கூடுதலான ஏசி வோல்ட்டேஜ் வரும். அது சுருக்கென்று அடிக்கும். ஈரக் கையோடு தொடாதீர்கள். இடி இடிக்கும்போது பெட்டி பக்கமே போகாதீர்கள்.

ஸ்ப்ளிட்டர் எதற்கு? இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒரே ஜோடி ஒயரில் பேச்சும் நெட்டும் சேர்ந்து வருகின்றன. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். நெட் சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, ஏடிஎஸ்எல்லின் வேகமான வகையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டையும் பிரித்துவிடுவதுதான் ஸ்ப்ளிட்டரின் வேலை. அது இல்லாமல் போனை நேராக மாட்டினால் போனில் இரைச்சல் கேட்கும்; போனை எடுத்தாலும் வைத்தாலும் நெட் தடுமாறும்.

ஸ்ப்ளிட்டரில் லைன், போன், மோடம் என்று மூன்று துளை இருக்கும். லைன் என்ற துளையில் ரொசெட்டிலிருந்து வரும் ஒயர். மற்ற இரண்டும் பெயர்ப்படி. துளைகளை மாற்றி மாட்டியிருக்கும் வீடுகள் நிறைய. நெட்டும் ஏதோ அரைகுறையாக வந்துகொண்டிருக்கும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் இரண்டு மூன்று போன்கள் இருந்தால் எல்லாமே ஸ்ப்ளிட்டரின் போன் துளைக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே ஒரு ஒயர் பிரிந்து சமையலறைப் போனுக்குப் போகிறது என்றால், அந்த ஒரு போன் போதும் மொத்தத்தையும் கெடுக்க.

போன் மணி அடித்தால் நெட் கட்டாகிறது. ஏன்?

ஒன்று, ஸ்ப்ளிட்டர் கெட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு போன் ஸ்ப்ளிட்டருக்குள் வராமல் நேராக லைனில் இருக்கும். இதைத்தான் முதலில் பாருங்கள். புது ஸ்ப்ளிட்டர் பெரிய விலை இல்லை. மாற்றியும் சரியாகவில்லை என்றால், வழியில் எங்கோ ஒரு ஜாயின்ட் களிம்பேறி இருக்கிறது என்று பொருள். போன் மணி அடிக்கும்போதும் போனை எடுக்கும்போதும் ஒயரில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று மாறுகிறது. கெட்ட ஜாயின்ட் அந்த நேரத்தில் தன் தடையை மாற்றிக்கொள்ளும். மோடம் பிடியை விட்டுவிடும்.

இதன் தலைகீழும் உண்டு. போனை எடுத்துப் பேசினால் நெட் நன்றாக ஓடுகிறது, வைத்துவிட்டால் கட்டாகிறது என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்கு நம்ப முடியாததுபோல இருந்தாலும் அது உண்மையாக நடப்பதுதான். பேசும்போது ஓடும் மின்னோட்டம் களிம்பைத் தாண்டிக் கொஞ்ச நேரத்துக்கு இணைப்பைச் சேர்த்துவைக்கிறது. இதை லைன்மேனிடம் அப்படியே சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர் என்றால் கேட்டதுமே ஜாயின்ட் என்று சொல்லிவிடுவார்.

போனில் கரகரவென்று சத்தம் கேட்கிறது. நெட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. கார்ட்லெஸ் போனை விட்டுவிட்டு, ஒயர் உள்ள சாதாரணப் போனை ரொசெட்டில் மாட்டுங்கள். மோடத்தையும் உள்ளே போகும் ஒயர்களையும் கழற்றிவிடுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்று சில நொடி அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கூர்ந்து கேளுங்கள். நல்ல லைனில் ஒன்றுமே கேட்காது. கரகர, படபட, உஸ்ஸென்ற இரைச்சல் ஏதாவது கேட்டால் வெளி ஒயரில் பழுது இருக்கிறது.

புகார் கொடுக்கும்போது இதையே முதலில் சொல்லுங்கள். நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகாரைவிட, போனில் சத்தம் வருகிறது என்ற புகார் சீக்கிரம் நகரும். எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் தன் காதாலேயே அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

போனில் டயல் டோனே இல்லை, ஆனால் நெட் மெதுவாக வருகிறது. இது எப்படி?

இரண்டு கம்பியில் ஒன்று அறுந்திருக்கும். பேச்சுக்கு முழுச் சுற்று வேண்டும் என்பதால் போன் செத்துவிடும். நெட்டின் உயர் அதிர்வெண்கள் அறுந்த இடத்தையும் ஓரளவு தாவிக் கடந்துவிடும். அதனால் குறைந்த வேகத்தில், அடிக்கடி கட்டாகிக்கொண்டு, நெட் மட்டும் உயிரோடு இருக்கும். நெட்தான் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். உடனே புகார் கொடுங்கள்.

மோடத்துக்குள் எஸ்என்ஆர், அட்டெனுவேஷன் என்று எண்கள் காட்டுகிறதே, எப்படிப் படிப்பது?

உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதற்குள் ஏடிஎஸ்எல் என்று தேடுங்கள். பார்க்க வேண்டியவை மூன்றே எண்கள்.

லைன் அட்டெனுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. டெசிபெல் கணக்கு, எண் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு கிலோமீட்டர் செம்பு ஒயருக்குச் சுமார் 14 டெசிபெல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 40 காட்டினால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். 30க்குக் கீழே அருமை, 50க்கு மேலே போனால் சிரமம், 60ஐத் தாண்டினால் நிலையான நெட்டை எதிர்பார்க்க முடியாது. இது தூரத்தைப் பொறுத்தது என்பதால் நாளுக்கு நாள் மாறக் கூடாது. திடீரென்று 38 இருந்த இடத்தில் 50 என்று காட்டினால் ஒயரில் ஏதோ புதிதாகக் கெட்டிருக்கிறது.

எஸ்என்ஆர் மார்ஜின் என்பது கையிருப்பு. இப்போது ஓடும் வேகத்துக்குத் தேவையானதற்கு மேல் எவ்வளவு சிக்னல் மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறது. இது அதிகமாக இருக்க வேண்டும். 6 டெசிபெல் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு. 10க்கு மேலே இருந்தால் கவலை இல்லை. அடிக்கடி 6க்குக் கீழே இறங்கினால், அருகில் ஏதாவது மோட்டார் ஓடினாலே போதும், மோடம் பிடியை விட்டுவிடும். சில மோடங்கள் இந்த எண்ணைப் பத்தில் ஒரு பங்கு கணக்கில் காட்டும். 85 என்று இருந்தால் 8.5 என்று படியுங்கள். பக்கத்தில் 0.1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது சிஆர்சி எரர். இது பழுதாகி வந்து சேர்ந்த தகவல்களின் எண்ணிக்கை. மொத்த எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பல நாள் சேர்ந்ததாக இருக்கலாம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் முக்கியம்.

லைன் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இந்த மூன்றையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போகும் நாளில் இன்னொரு போட்டோ. உங்கள் கையில் இருக்கக்கூடிய வலுவான ஆதாரம் இதுதான்.

மழை பெய்தால் நெட் போகிறது, வெயில் அடித்தால் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். வெளியே எங்கோ ஒரு இடத்தில் தண்ணீர் இறங்குகிறது. கம்பத்தில் உள்ள டிபி பாக்ஸின் (கேபிளிலிருந்து வீடுகளுக்கு டிராப் ஒயர் பிரியும் பெட்டி) கதவு மூடாமல் தொங்கும். டிராப் ஒயர் தென்னை மட்டையிலோ முருங்கைக் கிளையிலோ உரசி உரசி உறை தேய்ந்திருக்கும். அறுந்த இடத்தை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய ஜாயின்ட் ஒன்று நடுவில் இருக்கும். பூமிக்கடியில் போகும் கேபிளில், சாலைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டியபோது அடிபட்டு அவசரமாகச் சேர்த்த இடமும் இருக்கலாம்.

உங்கள் வீட்டு வாசலிலிருந்து கம்பம் வரை டிராப் ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். எங்கே தொடுகிறது, எங்கே டேப் சுற்றியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கம்பத்தில் ஏறாதீர்கள். அதே கம்பத்தில் மின்சாரக் கம்பியும் ஓடலாம். ஒயர் சுவரில் நுழையும் இடத்தையும் பாருங்கள். துளைக்குச் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலே வளைந்து நுழைய வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேலிருந்து நேராகத் துளைக்குள் இறங்கினால் மழைநீர் அப்படியே ரொசெட் பெட்டிக்குள் வந்துவிடும். இதை நீங்களே சரி செய்துகொள்ளலாம்.

இந்தப் பழுதில் உள்ள பெரிய தலைவலி, லைன்மேன் வரும்போது லைன் நன்றாக இருப்பது. நீங்கள் இரவு மழையில் புகார் கொடுப்பீர்கள், அவர் மறுநாள் உச்சி வெயிலில் வருவார், ஜாயின்ட் காய்ந்திருக்கும். லைன் ஓகே என்று எழுதிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பில்லை. அவர் பார்த்த நேரத்தில் உண்மையாகவே சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் மழை நேரத்தில் மோடம் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்கிறேன். காய்ந்த நாளில் மார்ஜின் 12, மழை இரவில் 3 என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால், பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கட்டாகிறது. மாலையில் தொடங்குகிறது.

அந்த நேரத்தில் என்ன ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். மலிவான எல்ஈடி பல்பின் டிரைவர், மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், மீன் தொட்டி மோட்டார், கிரைண்டர் என எதுவும் இரைச்சலைக் கிளப்பலாம். பக்கத்து வீட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

வேட்டையாட ஒரு நல்ல கருவி பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. மீடியம் வேவ் ஒலிபரப்பு ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. இது நெட் ஓடும் அலைவரிசைக்குள்ளேயே விழுகிறது. 720இல் சென்னை, 936இல் திருச்சி என்று நிலையங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டாகும் நேரத்தில் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஏதாவது ஒரு பொருளை நெருங்கும்போது இரைச்சல் கூச்சலாக மாறினால் அதை அணைத்துப் பாருங்கள். ரேடியோ அமைதியாகி, மோடத்தில் மார்ஜினும் ஏறினால் ஆள் அகப்பட்டார். எஃப்எம் மட்டும் உள்ள ரேடியோ இதற்கு உதவாது.

எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, பொழுது சாய்ந்ததும் மார்ஜின் இரண்டு மூன்று டெசிபெல் இறங்குகிறது, அவ்வளவுதான் என்றால் அது இயல்பு. இருட்டிய பிறகு தொலைதூர மீடியம் வேவ் நிலையங்கள் வானில் எதிரொலித்து வந்து நம் ஒயரிலும் விழும். பகலில் கையிருப்பு நன்றாக இருக்கும் லைன் இதைத் தாங்கிக்கொள்ளும்.

மாடி அறைக்கு இழுத்த பழைய ஒயர் அப்படியே இருக்கிறது. போன் எதுவும் மாட்டவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அதைக் கழற்ற வேண்டும். எங்கும் போய்ச் சேராமல் முட்டி நிற்கும் ஒயரில் சிக்னல் போய்த் திரும்பி வந்து, மூல சிக்னலோடு மோதி அதை அழிக்கும். ஒயருக்குள் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தக் கணக்கில் 2.2 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 90 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள முட்டு ஒயர், அதாவது சுமார் 23 மீட்டர், அந்த அலைவரிசையைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். கீழ் ஹாலிலிருந்து மாடி அறைக்குச் சுற்றி வளைத்து இழுத்த ஒயர் அந்த நீளம்தான் இருக்கும். இன்னும் நீளமான ஒயர் என்றால் இன்னும் கீழே உள்ள அலைவரிசைகள் அடிபடும்.

மாடி முனையில் உள்ள பெட்டியைக் கழற்றினால் போதாது. ஒயர் கிளம்பும் இடத்தில், ரொசெட்டிலேயே கழற்ற வேண்டும்.

வீட்டுக்குள் புது ஒயர் இழுக்கலாம் என்றிருக்கிறோம். எது வாங்குவது?

தட்டையான போன் ஒயர் வேண்டாம். முறுக்கப்பட்ட ஜோடி உள்ள கேட் 5 கேபிள் வாங்கி, அதில் ஒரே ஒரு ஜோடியை மட்டும் பயன்படுத்துங்கள்: நீலம், அதோடு முறுக்கிய நீலக்கோடு போட்ட வெள்ளை. நீலத்தையும் ஆரஞ்சையும் சேர்த்து ஒரு ஜோடி ஆக்கிவிட்டால் முறுக்கின் பயனே போய்விடும், ஒயர் இரைச்சலை ஏரியல்போல வாங்கும். நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக, மின்சார ஒயர் ஓடும் பைப்புக்குள் விடாமல் தனியாகக் கொண்டுபோங்கள். இன்னும் நல்ல வழி, மோடத்தை ரொசெட் பக்கத்திலேயே வைத்துவிட்டு, தூரத்து அறைக்கு லேன் கேபிளை நீட்டுவது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை நஷ்டமில்லாமல் போகும்.

மோடமே கெட்டிருக்குமோ?

இருக்கலாம். ஆனால் மோடத்துக்கு முன் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று வருடம் ஓடிய அடாப்டர், உள்ளே கெப்பாசிட்டர் தளர்ந்து, விளக்கை எரியவிடும் அளவுக்குத் தந்தாலும் மோடம் கடுமையாக வேலை செய்யும்போது சோர்ந்துவிடும். பவர் விளக்கு உட்பட எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்து எரிந்தால் சந்தேகமே வேண்டாம். புது அடாப்டரில் வோல்ட்டும் முனையின் பிளஸ் மைனஸும் பழையதன்படி அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, குறையக் கூடாது.

சூட்டையும் பாருங்கள். கோடை மதியத்தில் மட்டும் கட்டாகும் மோடத்தை மூடிய அலமாரியிலிருந்து எடுத்துக் காற்றுபடும் இடத்தில் வையுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், நண்பர் வீட்டு மோடத்தை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. காசு கொடுத்து வாங்குவது அதற்கப்புறம்.

டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு.

ஒயரில் பழுது இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல் தவறாக இருக்கலாம், பில் பாக்கியால் நிறுத்தியிருக்கலாம், நிறுவனத்தின் சர்வரில் கோளாறாக இருக்கலாம். மோடத்தை ரீசெட் செய்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனென்றால் உள்ளே போட்டிருந்த அமைப்புகள் அழிந்துவிடும். பிஎஸ்என்எல் ஏடிஎஸ்எல் இணைப்புகளில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வழக்கமாக இருக்க வேண்டியவை: விபிஐ 0, விசிஐ 35, இணைப்பு முறை பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகும் முறை). ரீசெட் பொத்தானில் ஊசியைக் குத்துவதற்கு முன், இந்தப் பக்கத்தையும் பயனர் பெயரையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

திட்டத்தில் 8 எம்பிபிஎஸ் என்கிறார்கள். எங்களுக்கு 2 கூட வருவதில்லை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் 24 எம்பிபிஎஸ் வரை தரும் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. 5 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஒன்று இரண்டு கிடைத்தாலே பெரிது. ஒயர் ஓடும் தூரத்தைக் கணக்கிடுங்கள், வண்டியில் போகும் குறுக்குவழியை இல்லை.

தூரத்து லைனில் வேகத்துக்கு ஆசைப்பட்டால் நிலைத்தன்மை போகும். எக்ஸ்சேஞ்சில் சொல்லி வேக புரொஃபைலைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் மார்ஜின் ஏறும், கட்டாவது நிற்கும். மோடத்திலேயே ஏடிஎஸ்எல் 2 பிளஸுக்குப் பதில் பழைய ஜி.டிஎம்டி முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சில லைன்கள் நிலைத்து நிற்கும். விடாமல் வரும் 2 எம்பிபிஎஸ், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும் 4ஐவிட மேல். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு ஓடும் வீட்டில் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

இடி, மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

பிளக்கைப் பிடுங்குவதுதான். கரண்டுப் பக்கம் மட்டும் பிடுங்கினால் போதாது, போன் ஒயரையும் ரொசெட் பக்கம் கழற்றுங்கள். மோடத்தைப் பெரும்பாலும் கொல்வது போன் ஒயரில் வரும் மின்னல்தான். இடி தொடங்கிய பிறகு போய்த் தொடாதீர்கள், மேகம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.

புகார் கொடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால்?

நெட் சரியில்லை என்று மொட்டையாகச் சொன்னால் மோடத்தை அணைத்து எரியவிடுங்கள் என்ற பதில்தான் வரும். இப்படிச் சொல்லுங்கள்: “ரொசெட்டில் நேராக மோடத்தை மாட்டிப் பார்த்துவிட்டேன், உள் ஒயர் எதுவும் இல்லை. டிஎஸ்எல் விளக்கே போகிறது. அட்டெனுவேஷன் இவ்வளவு, மார்ஜின் மழையில் இவ்வளவுக்கு இறங்குகிறது. போனிலும் சத்தம் இருக்கிறது.” இதைக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

லைன்மேன் வரும்போது கூடவே நில்லுங்கள். டிபி பாக்ஸில் மோடத்தை மாட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே நன்றாக வந்தால் டிராப் ஒயரை மாற்ற வேண்டும். அங்கும் கெட்டிருந்தால் கேபிளில் வேறு நல்ல ஜோடிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வெயிலில் கம்பம் ஏறி இறங்குபவர் அவர். தண்ணீர் கொடுத்து, ஆதாரத்தைக் காட்டிப் பேசினால் பெரும்பாலானவர்கள் கூடுதலாகவே மெனக்கெடுவார்கள்.

ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண்ணை, அதாவது புகாரின் பதிவு எண்ணை, வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். சரி செய்யாமலேயே முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், அதே எண்ணைச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, புகார் மையத்துக்கு மேலே ஒரு மேல்முறையீட்டு அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்.

எங்கள் தெருவில் ஃபைபர் வந்துவிட்டது. மாறிவிடலாமா?

மாறிவிடுங்கள். கண்ணாடி இழையில் களிம்பு, மின்னல், ரேடியோ இரைச்சல் எதுவும் கிடையாது. தெரு அளவில் தூரமும் பொருட்டில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். செம்பு லைனில் போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருவதால், வீட்டில் கரண்டு போனாலும் போன் பேசும். ஃபைபரில் வீட்டில் வைக்கும் பெட்டிக்குக் கரண்டு வேண்டும். வயதானவர்கள் அந்தப் போனை நம்பியிருக்கும் வீடு என்றால், 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். பெட்டியின் அடாப்டரும் 12 வோல்ட்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய தொலைபேசி எண் அப்படியே தொடருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய இணைப்பு சில நாள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு பழைய லைனை ஒப்படையுங்கள்.